இடதுகைக்காரிக்கு ஒரு துப்பாக்கி

5

“இடதுகைக்கா?” என்றார் கிழவர். கேட்டதோடு விடவில்லை. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, “ஏ க்ளீட்டஸ், இவருக்கு இடதுகை போல்ட் வேணுமாம், அதுவும் மலிவா வேணுமாம்” என்று ஊருக்கே ஒலிபரப்பினார்.

டென்னி மோயர் பல்லைக் கடித்துக்கொண்டான். காலையிலிருந்து இது ஒன்பதாவது மேசை. ஒன்பது இடத்திலும் இதே சிரிப்பு.

“ஏன் பெரியவரே, இடதுகைக்காரங்க மான் வேட்டைக்கே போறதில்லையா?”

“போவாங்க தம்பி. சல்லிசா போக முடியாது. நூறு துப்பாக்கி வந்தா அதுல நாலோ அஞ்சோதான் இடதுகைக்கு. அதை வெச்சிருக்கறவன் உசிரு இருக்கற வரைக்கும் விக்க மாட்டான். வேற யாராச்சும் இப்படி வந்து கேட்டாங்களான்னா, இல்லை. கேட்டிருந்தா அவனையும் பாத்து சிரிச்சிருப்பேன், ஞாபகம் இருந்திருக்கும்.”

பைன் ஹாலோ ஊர்த் தீயணைப்புப் படையின் கூடம் அது. தீயணைக்கும் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, வருஷத்துக்கு மூன்று தடவை உள்ளே துப்பாக்கிச் சந்தை போடுவார்கள். கையில் காசு இருப்பவன் சுவரோரமாகப் போய் முழுத் துப்பாக்கியாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். இல்லாதவன் நடு வரிசைக்கு வருவான். ஒரு மேசையில் குழல், இன்னொன்றில் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட், மூன்றாவதில் தோளில் அண்டக் கொடுக்கிற மரக்கட்டை என்று பொறுக்கிச் சேர்த்து, வீட்டு நிலவறையில் உட்கார்ந்து தானே பூட்டிக்கொள்வான். நடு வரிசையில்தான் கூட்டம் முண்டியது. ஒரு திருகாணிக்கு இருபது நிமிஷம் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒருவனை டென்னி இரண்டு தடவை சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

“என்ன மாப்பிள்ளை, சிரிச்சாங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள் வெர்னா குலிக்.

வெர்னாவுக்கு அறுபத்திரண்டு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம், பொய் சொல்கிறவர்களின் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவள். ஓய்வு பெற்றதும் துப்பறியும் லைசென்ஸ் எடுத்தாள். டென்னி அவளிடம் வேலை பார்ப்பவன். அவள் மகளைக் கட்டியவன், பிறகு அறுத்துக்கொண்டவன். கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை வழக்கம்போல ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். “டைவர்ஸ் உங்க பொண்ணுகிட்டதான் அத்தை வாங்கினேன், உங்ககிட்ட இல்லை” என்றான். வெர்னா கதவைத் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டாள், அதில் பாதி கிண்டல்.

“ஒன்பது பேர் சிரிச்சாங்க. பத்தாவது ஆளு அழுதா சொல்றேன்.”

“இடதுகை, சின்னக் கை, மலிவு. தனித்தனியா ஆயிரம் பேர் கேப்பாங்க. மூணையும் சேத்து ஒரே ஆளு கேட்டிருந்தா அவன்தான் நமக்கு வேணும். நடந்துகிட்டே இரு.”

வழக்கு இதுதான். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கும் கொரின் ஸ்டால்னெக்கருக்கு ஒரே மகள், வில்லா. மூன்று வருஷத்துக்கு முன் கொரினின் கணவன் டேல், ஒன்பது வயது வில்லாவைக் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு பேரையும் அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. போலீஸ் தேடி ஓய்ந்துபோயிற்று. போன வாரம் கொரின் தன் சமையலறையில் உட்கார்ந்து பேசும்போது ஒரு விஷயம் சொன்னாள். டேலின் குடும்பத்தில் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகும் நாளில் அப்பன் தன் கையால் பூட்டிய துப்பாக்கியைக் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கிக் கொடுத்தால் சித்தப்பன் பெரியப்பன் எல்லாம் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். வருகிற வியாழக்கிழமை, நன்றித் திருநாள் அன்று, வில்லாவுக்குப் பன்னிரண்டு முடிகிறது. சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. வில்லா இடதுகைக்காரி.

கேட்ட வெர்னா அன்றே முடிவுக்கு வந்துவிட்டாள். “ஒளிஞ்சிருக்கறவன் பேரை மாத்துவான், வண்டியை மாத்துவான், தலைக்குச் சாயம் அடிப்பான். பொண்ணுக்குப் பன்னெண்டு வயசுல துப்பாக்கி கட்டிக் குடுக்காம மட்டும் இருக்க மாட்டான். ஆனா ஒண்ணு மாப்பிள்ளை. சனிக்கிழமை விடிஞ்சா காடு பூரா ஆரஞ்சுச் சட்டை போட்ட வேட்டைக்காரங்க வந்துடுவாங்க. ஒளிஞ்சிருக்கறவன் அதுக்கு முன்னாடி இடத்தைக் காலி பண்ணிடுவான். வியாழக்கிழமை தாண்டிச்சுன்னா அந்தப் பொண்ணை நாம பாக்கப் போறதில்லை.”

இன்று சனிக்கிழமை. கையில் இருந்தது ஐந்து நாள்.

கொரின் காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டாள். நான்காவது தடவை இப்போது அடித்தது.

“ஒண்ணுமில்லைங்க, சும்மாதான் கூப்பிட்டேன்” என்றாள். அவள் சும்மா கூப்பிடுகிறவள் இல்லை என்று டென்னிக்குத் தெரியும். “லானி உங்ககூடத்தானே இருக்கான்? ஃப்ளாஸ்க்ல காபி குடுத்து அனுப்பியிருக்கேன். அவன் வில்லாவைத் தேடிப் போற நாளெல்லாம் குடுத்து அனுப்புவேன். உங்களுக்கும் ஊத்தச் சொல்லுங்க.”

“ஊத்தினாருங்க. நல்லா இருந்துச்சு.”

“ஏதாச்சும் தெரிஞ்சா ஒடனே கூப்பிடுங்க. நல்லதா இல்லைன்னாலும் கூப்பிடுங்க.”

லானி ஹாப்ட் கொரினின் தம்பி. வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன், குட்டையான, அடக்கமான ஆசாமி. காலையில் தன் வேனில் அவர்களை ஏற்றி வந்தவனும் அவன்தான். சந்தைக்குள் நுழைந்ததும் வில்லாவின் படம் போட்ட நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு, “நான் மேசை மேசையா குடுத்துட்டு வர்றேன் மேடம், நீங்க வேலையைப் பாருங்க” என்று கிளம்பினான். மூன்று வருஷமாக மாதத்தில் ஒரு ஞாயிறாவது இப்படி நோட்டீஸ் தூக்கிக்கொண்டு அலைகிறவன். டென்னிக்கு அவன்மேல் மரியாதையே வந்துவிட்டது. வேனில் வரும்போது மட்டும் அவன் முகத்தைப் பார்த்து வாய் சும்மா இருக்கவில்லை. கன்னமும் நெற்றியும் வெயிலில் காய்ந்து சிவந்திருக்க, தாடை வெள்ளை வெளேரென்று இருந்தது.

“என்ன லானி, முகத்துல மேல் பாதிக்கு மட்டும்தான் பெயின்ட் அடிச்சீங்களா?”

“வேலை குடுத்த அம்மா சவரம் பண்ணிட்டு வான்னாங்க” என்று லானி கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான்.

பதினான்காவது மேசை கூடத்தின் பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. பெர்னடின் ஃபெட்டெரால்ஃப் என்ற பருமனான அம்மாள் அங்கே உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். மேசை நிறையப் பழைய துப்பாக்கிகளிலிருந்து கழற்றிய மரக்கட்டைகள். டென்னி தன் பல்லவியைப் பாடினான். அவள் சிரிக்கவில்லை.

“இடதுகைக்கு, சின்ன அளவுல ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு தம்பி. மே மாசச் சந்தையில போயிடுச்சு.”

டென்னியின் முதுகு நிமிர்ந்தது. “யாரு வாங்கினாங்க?”

“ஒரு மனுஷன். என்னா பேரம். தொண்ணூறுன்னேன், அறுபத்தஞ்சுக்கு இறக்கிட்டுத்தான் விட்டான். பாவமாவும் இருந்துச்சு. பொண்ணுக்குன்னான்.”

டென்னி சட்டைப்பையிலிருந்து டேலின் படத்தை எடுத்து அவள் முன் வைத்தான். ஆறடி இரண்டு அங்குலம், கழுதை மாதிரி நீண்ட முகம். பெர்னடின் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“இவன் இல்லை. அவன் குட்டை. செம்பட்டைத் தாடி, நெஞ்சு வரைக்கும்.”

டென்னிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் வெர்னா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் எதையோ பிடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

“கட்டையோட நீளத்துக்கு அளவு எப்படிக் குடுத்தான்?”

“குச்சியில கொண்டு வந்தான். போன மாசக் கடைசிச் சந்தைக்கும் அதே குச்சியோட வந்தான். கட்டை இப்பக் குட்டையாயிடுச்சாம். புதுசு வாங்க வக்கில்லை, ஏதாச்சும் வழி சொல்லுன்னான். பின்னாடி வெச்சுத் திருகுற ரப்பர் பட்டை முக்கால் அங்குலத்துல தேடிப் பாக்கறேன்னு சொன்னேன். குச்சியை என்கிட்டயே விட்டுட்டுப் போனான்.” மேசைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பையை எடுத்தாள். “பட்டை கெடைச்சிடுச்சு. இன்னிக்கு வந்து வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கான்.”

“இன்னிக்கா?” என்றான் டென்னி.

“இன்னிக்குத்தான்.”

பைக்குள் ரப்பர் பட்டையோடு குச்சியும் இருந்தது. பெயின்ட் டப்பாவைக் கலக்க கடையில் சும்மா கொடுக்கும் தட்டைக் குச்சி. அந்தப் பக்கத்தில் எந்த வீட்டு இழுப்பறையைத் திறந்தாலும் நாலு கிடக்கும். அதில் பென்சிலால் மூன்று கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு தேதி. ஏப்ரல் 13. ஆகஸ்ட் 10. அக்டோபர் 19.

“முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்புலேர்ந்து விசை இழுக்கற விரல் வரைக்கும் அளக்கறது” என்றாள் பெர்னடின். “பசங்களுக்கு அப்படித்தான் அளவு எடுப்போம். இவன் மூணு தடவை அளந்திருக்கான். பொண்ணு கிடுகிடுன்னு வளருது போல.”

வெர்னா விரல் நுனியால் முதல் கோட்டிலிருந்து மூன்றாவது கோடு வரை தடவிப் பார்த்தாள். அரை அங்குலத்துக்கும் மேல் இருந்தது. மூன்று வருஷமாகக் கொரினிடம் இருப்பது ஒன்பது வயதுப் படம் ஒன்றுதான். டென்னி வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

பிறகு காத்திருந்தார்கள். டென்னி பின்கதவுத் திரைக்குப் பக்கத்தில் நின்று, குட்டையாகச் செம்பட்டைத் தாடியோடு வருகிற ஒவ்வொருவனையும் முறைத்தான். அப்படிப்பட்டவர்களுக்குக் குறைச்சலே இல்லை. மான் சீசன் நெருங்கினால் அந்த ஊர் ஆண்கள் ஒருத்தனும் முகத்தில் கத்தி வைப்பதில்லை. டென்னிக்கே பத்து நாள் தாடி அரித்தது. ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரமும் போயிற்று. தீயணைப்புப் படைப் பெண்கள் பன்றிக்கறி போட்ட அவரைச் சூப்பை ஊற்றி முடித்து அண்டாவைக் கழுவத் தொடங்கிவிட்டார்கள். ஒருவனும் காகிதப் பையைக் கேட்டு வரவில்லை.

“வர்றான்னா காலையிலயே வந்திருக்கணும் அத்தை. பேரம் பேசறவன் கடைசி வரைக்கும் இருக்க மாட்டான்.”

“வர மாட்டான்” என்றாள் வெர்னா. “நாமதான் இங்க உக்காந்திருக்கோமே.”

“நாம உக்காந்திருக்கறது அவனுக்கு எப்படித் தெரியும்?”

வெர்னா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். “மாப்பிள்ளை, எல்லா மேசையிலயும் இருந்து இந்த அம்மா மேசையில மட்டும் இல்லாதது என்ன?”

“நியாயமான விலை” என்றான் டென்னி, வாய்ப் பழக்கத்தில். சொல்லிவிட்டுத்தான் பார்த்தான். குழல் விற்பவர் மேசையில் வில்லாவின் படம் இருந்தது. கத்தி விற்பவர் மேசையில் இருந்தது. சூப் அண்டாவுக்குப் பக்கத்தில்கூட ஒட்டியிருந்தது. பெர்னடினின் மேசையில் மட்டும் நோட்டீஸ் இல்லை.

“அம்மா, உங்களுக்கு யாரும் நோட்டீஸ் குடுக்கலையா?”

“என்ன நோட்டீஸ்?” என்றாள் பெர்னடின்.

வெர்னா குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “கொரின் வீட்டு ஃப்ரிட்ஜைப் படம் எடுத்தியே, அதை எடு.”

கட்சிக்காரர் வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுக்கச் சொல்வது வெர்னாவின் வழக்கம். டென்னி அதை வைத்து அவளை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறான். போனில் அந்தப் படத்தை விரித்தான். ஃப்ரிட்ஜ் கதவில் தீவனக் கடை நாள்காட்டி. லானி வில்லாவைத் தேடிப் போன ஞாயிற்றுக்கிழமைகளைக் கொரின் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் அக்டோபரும் நவம்பரும். அக்டோபர் 19-ஐச் சுற்றி ஒரு வட்டம்.

“முந்தின பக்கங்களையும் புரட்டி எடுத்தேல்ல?”

எடுத்திருந்தான். ஆகஸ்டில் 10. ஏப்ரலில் 13. வேறு வட்டங்களும் இருந்தன. ஆனால் குச்சியில் இருந்த மூன்று தேதியும் வட்டத்துக்குள் இருந்தன.

“தாடி” என்றான் டென்னி மெதுவாக.

“சீசனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தாடியை எடுக்கற ஆம்பளையை நீ பாத்திருக்கியா? நாம இந்தச் சந்தைக்கு வரப் போறோம்னு கொரின் அவன்கிட்ட செவ்வாய்க்கிழமை சொன்னா. நம்மளைக் கூட்டிட்டு வர மாட்டேன்னு அவனால சொல்ல முடியாது. இந்த அம்மா கண்ணுல படாம இருக்கவும் வேணும். பெயின்ட்காரன் புத்தி, குச்சியில தேதியைப் போட்டு வெச்சிருக்கான். கலந்த பெயின்ட் டப்பா மூடியில நாளைக் குறிப்பாங்களே, அந்தப் பழக்கம்.”

காலையில் குடித்த காபி டென்னிக்கு நினைவு வந்தது. தம்பி தேடப் போகிறான் என்று அக்காள் ஃப்ளாஸ்க்கை நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். அவன் அதைக் குடித்துக்கொண்டே போய் அவள் மகளைப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்று திரும்பி வந்திருக்கிறான். எத்தனை ஞாயிறு. டென்னிக்குக் கை துறுதுறுத்தது.

“அடிக்கக் கூடாது” என்றாள் வெர்னா, அவன் முகத்தைப் பார்க்காமலே. “அவன் போனைக் கையில வாங்கிக்கோ. டேலுக்கு ஒரு வார்த்தை போனாலும் போச்சு.”

லானி வெளியே வேனின் பின்கதவைத் திறந்து வைத்து, ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் மிச்ச நோட்டீஸ்கள். வெர்னா அதன்மேல் காகிதப் பையை வைத்தாள்.

“உன் சாமான். முக்கால் அங்குலம்.”

லானி பையைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை, மறுக்கவும் இல்லை. டென்னி கையை நீட்டியதும் போனை எடுத்து அவன் கையில் வைத்தான். பிடிபட்டவன் முகத்தில் அத்தனை நிம்மதியை டென்னி அதுவரை பார்த்ததில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

“ஒரு வாரம்னுதான் சொன்னான் மேடம்.”

“யாரு, டேலா?”

“அப்ப எங்கக்கா குடிப்பா. பாப்பாவை வண்டியில வெச்சுக்கிட்டே ஓட்டிட்டுப் போய் மரத்துல மோதினா. பாப்பாவுக்கு நெத்தியில ஆறு தையல். அன்னிக்கு ராத்திரி டேல் வந்து, காட்டுக்குள்ள இருக்கற வேட்டைக் கேபின் சாவி என்கிட்ட இருந்துச்சே, அதைக் கேட்டான். இவளுக்குப் புத்தி வர்ற வரைக்கும், ஒரே வாரம்னான். குடுத்தேன். பாப்பா தலையில கட்டோட நின்னுட்டிருந்தா, எப்படிக் குடுக்காம இருப்பேன்?”

“அது சரி” என்றாள் வெர்னா. “அந்த வாரத்துல உன்மேல தப்பு சொல்ல மாட்டேன். மிச்சத்தைச் சொல்லு.”

“ஒரு வாரம் ஒரு மாசமாச்சு. போலீஸ் வந்துச்சு, பயந்துட்டேன். அப்புறம் அவ குடியை விட்டா. ரெண்டு வருஷம் ஆச்சு மேடம், ஒரு சொட்டு தொட்டதில்லை. சொல்லிடணும்னுதான் ஒவ்வொரு தடவையும் அவ வீட்டுக்குப் போவேன். ஃப்ளாஸ்க்கை எடுத்துட்டு வாசலுக்கு வருவா. ஜாக்கிரதையா போடா, பனி கொட்டுதும்பா. வாய் திறக்காது எனக்கு.”

“அவ குடியை விட்டது டேலுக்குத் தெரியுமா?”

“சொன்னேன். அவன் நம்பத் தயாரா இல்லை. இந்த வியாழக்கிழமை துப்பாக்கியைக் குடுத்துட்டு, அன்னிக்கு ராத்திரியே பாப்பாவைக் கூட்டிட்டு மேற்கே போறான். இடாஹோவோ எங்கயோ. எனக்கும் சொல்ல மாட்டானாம்.” லானி பையின் மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தான். “அந்தத் துப்பாக்கி மட்டும் பாப்பாவுக்குச் சரியான அளவுல இருக்கட்டும்னு நெனைச்சேன்.”

“மாநிலப் போலீஸுக்கு நான் பேசியாச்சு” என்றாள் வெர்னா. “இருபது நிமிஷத்துல வர்றாங்க. கேபினுக்கு நீதான் வழி காட்டப் போறே. அதுக்கு முன்னாடி உங்கக்காவுக்குப் போன் பண்ணு.”

“நீங்களே சொல்லிடுங்க மேடம். கெஞ்சிக் கேக்கறேன்.”

“மூணு வருஷமா நீ மறைச்சதை நீதான் உன் வாயால சொல்லணும்.”

டென்னி தன் போனில் கொரினின் எண்ணைப் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி, லானியின் முகத்துக்கு நேரே நீட்டினான். ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

“டென்னியா? ஏதாச்சும் தெரிஞ்சுதா?”

“நான்தான்க்கா.”

“லானியா? உன் போன் என்னாச்சு? சாப்பிட்டியா? அங்க அவரைச் சூப் போட்டிருப்பாங்களே.”

வெர்னா அவன் தோளில் கை வைத்தாள். ஆறுதலுக்காக இல்லை, எழுந்து ஓடிவிடக் கூடாதே என்பதற்காக.

“வில்லாவைப் பாத்தேன்க்கா.”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. “எங்க? அங்கயா? இப்பவா?”

“இப்ப இல்லை. போன மாசம். அதுக்கு முன்னாடி ஆகஸ்டுல. அதுக்கு முன்னாடியும். எல்லாத் தடவையும்க்கா. தேடப் போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுப் போனப்பல்லாம் பெரும்பாலும் அங்கதான் போனேன். நல்லா இருக்கா. என் தோள் உசரம் வந்துட்டா.”

அவள் கத்துவாள் என்று டென்னி எதிர்பார்த்தான். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ புதுக் குழலை லாரியின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு சிரித்துப் பேசினார்கள். பிறகு கொரின் கேட்டாள். குரல் தணிந்து, தெளிவாக இருந்தது.

“என்னைக் கேட்டாளா?”

“கேட்டா. போறப்பல்லாம் மொதல்ல அதைத்தான் கேப்பா. அம்மாவுக்கு உடம்பு சரியாயிடுச்சா, நான் வீட்டுக்கு வரலாமான்னு.”

“நீ என்ன சொன்னே?”

லானி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

“இன்னும் சரியாகலைன்னு சொன்னேன்க்கா.”

கொரின் போனை வைக்கவில்லை. அவள் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டென்னி கையை இறக்காமல் அப்படியே நின்றான்.